ஆற்றுவாயில் ஒரு வேலி

போன சனிக்கிழமை, புலம்பெயர்ந்து வந்த நம்முடைய மூத்தோர் கூட்டத்தில் எல்லாரும் அவரவர் வீட்டு வேலிகளைப் பற்றிக் கதைத்தோம். ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமல் இருந்துகொண்டே, பக்கத்து வளவுக்காரன் ஒரு கதியாலைத் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக முகம் பாராமல் இருந்த கதைகளைச் சொல்லிச் சிரித்தோம். கதியால் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்: வேலிக்காக நடுகிற பச்சைத் தடி. நட்டால் வேர்விட்டு மரமாகிவிடும்.

நான் மட்டும் வாய் திறக்கவில்லை என்று தலைவருக்குக் குறை. "டீச்சர், உங்கட வேலியைப் பற்றி எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ" என்றார். எழுதுகிறேன். ஆனால் இது எங்கள் வேலி அல்ல.

ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட என் தகப்பன் சேவையராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க ஊரார் காணியை அளந்தார். சொந்தக் காணியில் தம்பியோடு எல்லைப் பிரச்சினை, அது அவர் சாகும்வரை தீரவில்லை. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நாங்களும் வீட்டில் சிரித்திருக்கிறோம், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து.

எனக்கு எட்டு வயது இருக்கும். அந்த வருடம் பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மா என்னையும் அக்காவையும் ஐயா வேலை செய்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். திருகோணமலைக்குத் தெற்கே, ஓர் ஆறு கடலில் விழுகிற இடம். அந்தக் காட்டையும் கடலோரக் களப்பையும் ஆற்றுவாயையும் ஒன்றாகச் சேர்த்து விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒதுக்குவதென்று மேலே எங்கேயோ தீர்மானித்திருந்தார்கள். அதைச் சுற்றி எல்லைக்கல் நாட்டுவது ஐயாவின் பொறுப்பு. உள்ளே ஆராவது குடியிருந்தால் அந்தத் துண்டை விட்டு வளைத்து அளக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. இதை மறந்துவிடாதீர்கள், கதை இதில்தான் இருக்கிறது.

இரண்டு கித்தான் கூடாரங்களில் இருந்தோம். வெயில் ஏறினால் கித்தான் ஒரு மாதிரி மணக்கும், மண்ணெண்ணெயும் பழைய மழையும் சேர்ந்த மணம். கோடையில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று மத்தியானத்தில் தொடங்கினால் சோற்றுக்குள் மணல் கடிபடும். சங்கிலிக்காரர்கள், அதாவது அளவுச் சங்கிலி பிடிக்கிற வேலையாட்கள், காட்டுக்குள் போவதும் வருவதும் சத்தத்திலேயே தெரியும். ஐயாவிடம் மூடி போட்ட பித்தளைத் திசைகாட்டி ஒன்று இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஊசி பயந்த பிராணி மாதிரி நடுங்கும். அதைத் தொட்டால் அடி.

ஒருநாள், அளவுக்கு அடையாளமாகக் கம்பில் கட்டுகிற கொடிக்குச் சிவப்புத் துணி முடிந்துவிட்டது. ஐயா அக்காவின் ரிப்பனை வாங்கிக் கம்பில் கட்டிக் காட்டுக்குள் கொண்டுபோனார். அது திரும்பி வரவில்லை. பிறகு ஜெர்மனிக்குப் போய், அங்கே கல்யாணம் கட்டி, அங்கேயே செத்த என் அக்கா, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் ஒருதரம் அந்த ரிப்பனைக் கேட்டாள். நான் பகிடியாக்கும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த இடத்தில் உப்பில்லாத தண்ணீர் இல்லை என்பது அம்மாவின் முறைப்பாடு. ஜீப்பில் பீப்பாயில் வரும் தண்ணீர் குடிக்கவே காணாது. ஒரு காலை, ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் போத்தலில் தேன், ஓலையில் கோத்த மீன். அம்மாவின் வயது இருக்கும். அம்மா புலம்பியதைக் கேட்டுவிட்டு மணல்மேட்டின் பின்பக்கம் குந்தி, சிரட்டையால் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. அம்மா நாக்கில் வைத்துப் பார்த்தார். இனித்தது.

"இஞ்சதான் எடுக்கிற நாங்க. பின்னேரம் மூடி வைச்சிடுங்க, நண்டு விழும்" என்றாள்.

அவள் வேடர் பெண். காட்டு வேடர் அல்ல, கரையோர வேடர். தமிழ்தான் பேசினார்கள், நம் தமிழ் போலவும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். ஆதிவாசிகள் என்று இப்போது மரியாதையாக எழுதுகிறார்கள். அப்போது எங்கள் வீட்டில் அவர்களைப் பற்றிக் கதைத்த விதத்தை நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் கதைத்திருப்பார்கள். அம்மா அவளைத் தேன்காரி என்று கூப்பிட்டார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

தேன்காரியின் ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம். கச்சான் காலத்தில் கடல் மணலைத் தள்ளி ஆற்றின் வாயை மூடிவிடும், மீன் உள்ளே நின்றுவிடும். அப்போது வருவார்கள். குழையால் குடிசை போடுவார்கள், மீன் பிடிப்பார்கள், காட்டுக்குள் போய்த் தேன் எடுப்பார்கள். போகும் முன்னர், தண்ணீரோரம் நின்ற ஒரு பெரிய மருதமரத்தின் கீழே சோறு சமைத்துத் தங்களுடைய செத்த ஆட்களுக்குப் படைப்பார்கள். மழை தொடங்க ஆற்றோடு மேலே ஏறி, காடு வெட்டிப் பயிரிடுகிற சேனைக்குப் போய்விடுவார்கள். குடிசை மழைக்கு உக்கிவிடும். அடுத்த கச்சானுக்குத் திரும்ப வருவார்கள். எவ்வளவு காலமாக என்று அம்மா கேட்டதற்கு அவள், "இதென்ன கேள்வி அம்மா, மீன் எவ்வளவு காலமா வருது?" என்று திருப்பிக் கேட்டாள்.

அவளுடைய புருஷன் அதற்கு முந்தைய மாரிமழைக் காலத்தில் செத்திருந்தான். அந்த வருடம்தான் அவனுக்கு முதல் படையல்.

எல்லைக்கல் விஷயம் அவர்களுடைய காதில் விழுந்ததும் தேன்காரி நேரே ஐயாவிடம் வந்தாள். அவள்தான் அவர்களில் பேசுகிறவள். ஐயா கான்வஸ் கதிரையில் இருந்தார். என் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அவர் எல்லாரையும் நீங்கள் என்றுதான் அழைப்பார், தோட்டியையும் துரையையும். அம்மா சோறு போடுவார், ஆனால் நீ என்பார். இந்த இரண்டு பேரில் ஆர் நல்லவர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஐயா, எங்கட இடத்தை விட்டுட்டுக் கல்லைப் போடுங்க" என்றாள்.

"உங்கட இடம் எது? எங்கையிருந்து எங்கை மட்டும்?"

அவள் யோசித்தாள். "மீன் நிக்கிற இடத்தில இருந்து தேன் கிடக்கிற மரம் மட்டும்."

"அது வருசத்துக்கு வருசம் மாறுமே."

"ஓம், மாறும்" என்றாள், ஐயாவுக்கு விளங்கிவிட்ட சந்தோசத்தில்.

ஐயா சிரிக்கவில்லை. அவர் உதவி செய்யத்தான் பார்த்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "வேலி இருக்கோ? கிணறு இருக்கோ? ஒரு தென்னம்பிள்ளையாவது வைச்சிருக்கிறியளோ?"

"கிணறு இருக்கே. உங்கட வீட்டு அம்மாக்குக் காட்டித் தந்தனே."

ஐயா எழுந்து போய் அந்த ஊற்றைப் பார்த்தார். அன்று பின்னேரமே அந்தத் தண்ணீரை அள்ளிக் குளித்த மனிதர் அவர். "இது கிணறில்லை பிள்ளை. இது குழி" என்றார். "ஆக்கள் இருக்கிற அடையாளம் ஒண்டு நான் கண்ணால காணவேணும். கண்டால் விட்டு அளப்பன். காணாட்டில் என்னால ஏலாது."

தேன்காரி அப்போதும் போகவில்லை. "அப்ப அடுத்த வருசம் நாங்க வந்தா?"

"காவல்காரர் உள்ளுக்கு விடமாட்டினம்."

"எங்கட ஆக்களுக்கு எங்க சோறு போடுற?"

ஐயாவின் வேலையில் அந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை. அடுத்த நாள் சங்கிலிக்காரர்களோடு மேல் எல்லையை அளக்கப் போனார். திரும்ப ஒரு கிழமை ஆகும் என்றார்.

இப்போது கதைக்குள் அம்மா வருகிறார். அவருக்கு அந்தப் பெண்ணில் பாவமாக இருந்தது. ஆற்றில் துணி அலம்பும்போது, ஒரு சமையல் குறிப்புச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னார்: "இஞ்ச பார் பிள்ளை, அவர் வேலியைக் கண்டால் விடுவார். எங்கட ஆக்களுக்கு வேலியெண்டால்தான் காணி. அவர் வரமுன்னம் ஒரு வேலியை அடையுங்கோவன்."

தேன்காரிக்கு வேலி என்றால் என்னவென்று தெரியும், சந்தைக்குப் போகும் வழியில் கண்டிருக்கிறாள். தங்களுக்கு ஒன்று என்று அவள் நினைத்ததில்லை. "எதுக்கு?" என்று கேட்டாள். மாடு வராமல் இருக்க என்று அம்மா சொன்னார். "எங்களுக்கிட்ட மாடில்லையே." ஆக்கள் வராமல் இருக்க என்றார். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகமிருக்கிறது, கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

ஆனாலும் செய்தார்கள். அம்மா எங்கள் கொடுவாக்கத்தியைக் கொடுத்தார். பூவரசைக் காட்டி, இதுதான் தழைக்கும், கைமொத்தத்தில் வெட்டுங்கோ, அடிப்பக்கத்தைச் சரித்து வெட்டுங்கோ என்று சொல்லிக்கொடுத்தார். கரையெல்லாம் பூவரசு நின்றது. ஆம்பிளைகள் வெட்ட, பெண்டுகள் நட்டார்கள். கொடியால் குறுக்குத் தடி கட்டினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு கிழவன் ஒவ்வொரு கதியாலையும் ஆட்டிப் பார்த்து, இதை யானை பார்த்தால் என்ன நினைக்கும் என்று கேட்டான். நானும் அக்காவும் மண் மிதித்துக் கொடுத்தோம். காலுக்கடியில் ஈர மண்ணின் குளிர் இப்போதும் எனக்குத் தெரிகிறது. அந்த நாட்களில் உண்மையாகவே சந்தோசமாக இருந்தது அது ஒன்றுதான்.

வேலி ஒரே ஒரு வரிசைதான். ஆற்றுப் பக்கம் போடவில்லை, ஆற்றுக்கு எப்படி வேலி போடுவது என்று கேட்டார்கள். காட்டுப் பக்கமும் போடவில்லை. கூடாரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம் மட்டும் போட்டார்கள். அதிலும் நடுவில், மருதமரத்துக்கு நேரே, ஒரு வண்டில் போகிற அளவு வெளி விட்டிருந்தார்கள். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"உதென்ன பொட்டு? மூடுங்கோ."

வேலியில் இருக்கும் ஓட்டையைப் பொட்டு என்போம், தெரியும்தானே. யாழ்ப்பாணத்தில் கோழி போகிற பொட்டுக்கே கோடு, அதாவது நீதிமன்றம், ஏறியவர்கள் நாங்கள்.

"அது மான் தண்ணிக்கு வாற வழி" என்றாள் தேன்காரி.

"மான் சுத்திப் போகும்."

"எங்கட ஆக்களும் அந்த வழியாலதான் வாற."

எந்த ஆட்கள் என்று அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் குரலைத் தணித்தார். "பொட்டு விட்டால் அவர் வேலியெண்டு எடுக்கமாட்டார் பிள்ளை. நான் உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"நீங்க சொன்னது எல்லாம் செஞ்சம் அம்மா" என்றாள் அவள். "இது மட்டும் ஏலாது."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சொல் கேளாத சனம் என்று புறுபுறுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்து எங்களுக்குத் தலை வாரி இழுத்தார், வழக்கத்தைவிட வேகமாக.

ஐயா திரும்பி வந்தது ஒரு பின்னேரம். ஜீப்பில் இருந்தபடியே வேலியைக் கண்டுவிட்டார். இறங்கி, சப்பாத்துக் கழற்றாமல் நேரே போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். தேன்காரியும் ஆட்களும் குடிசைகளிலிருந்து வந்து வரிசையாக நின்றார்கள், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி.

ஐயா ஒரு கதியாலை நகத்தால் சுரண்டினார். பச்சை. கீழே குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த வெளியில் போய் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இதை எப்ப போட்டனீங்கள்?"

எல்லாரும் அம்மாவைப் பார்ப்பார்கள் என்று நான் நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாங்கதான் போட்டம் ஐயா. இந்தக் கிழமைதான்" என்றாள் தேன்காரி. "வராத வருசம் இல்ல. வேலி மட்டும் இந்தக் கிழமை."

ஐயாவுக்கு முகம் கறுத்தது. அவரை ஏமாற்றப் பார்த்தார்கள் என்பதுதான் அவருக்குப் பட்டது. அதட்டவில்லை, அப்போதும் நீங்கள்தான். "இது எனக்குக் காட்டுறதுக்குப் போட்ட வேலி. தன்ர காணியெண்டு நினைக்கிறவன் இப்பிடி நடுவில திறந்து விடமாட்டான். புதுசா உள்ளுக்கு வந்து அடைச்சதெண்டு நான் மேல அறிவிக்கவேணும். அறிவிச்சால் உங்களைப் பிடிப்பினம். அறிவிக்காமல் விடுறன். அவ்வளவுதான் என்னால ஏலும்."

சங்கிலிக்காரர் ஒருவர் கதியால்களைப் பிடுங்கட்டோ என்று கேட்டார். ஐயா வேண்டாம் என்றார். "இந்த வெயிலுக்கு நிக்காது. தானாக் காய்ஞ்சு போகும்."

எல்லைக்கல் வேலிக்கும் வெளியே, மணல் திட்டியில் நடப்பட்டது. ஆற்றுவாயும் மருதமரமும் உள்ளே போய்விட்டன. அந்த வருடம் அவர்கள் படையலை முந்திப் போட்டார்கள். ஐயா காணாத மாதிரி இருந்தார். சாம்பிராணி இல்லை, வெறும் சோற்று மணமும் தேன்கூட்டுப் புகை மணமும் கூடாரம் வரைக்கும் வந்தன. தேன்காரி அழுத சத்தம் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்குள் காற்று மறுபக்கமாகத் திரும்பிவிட்டது.

நாங்கள் புறப்படுகிற அன்று அவள் வந்தாள். கொடுவாக்கத்தியை நன்றாகக் கழுவி, இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கூடவே ஒரு போத்தல் தேன். அம்மா வாங்கிக்கொண்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், "அடுத்த முறை வரேக்கை பாப்பம்" என்றார். அடுத்த முறை ஒருவருக்கும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜீப்பில் பாதி வழியில் அம்மா ஐயாவிடம் சொல்லிவிட்டார், வேலி போடச் சொன்னது தான்தான் என்று. ஐயா திசைகாட்டியின் மூடியைத் திறந்து மூடினார். பிறகு, "அப்ப நான் நினைச்சது சரிதான்" என்றார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் அந்தக் கதை எடுபடவில்லை.

அந்தத் தேனை அம்மா திறக்கவே இல்லை. குசினித் தட்டில், மருந்துப் போத்தல்களுக்குப் பின்னால், கறுத்துக் கறுத்து அடியில் சீனியாகி இருந்தது. சண்டைக்குப் பயந்து நாங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு வளவை விட்டு ஓடினபோதும் அங்கேதான் இருந்தது. எங்கள் வளவுக்கு வேலி இருந்தது, கிணறு இருந்தது, தென்னை இருந்தது, உறுதிப் பத்திரம் இருந்தது. ஐயாவே அளந்த காணி. ஆமி வந்து பாதுகாப்பு வலயம் என்று கம்பி போட்டபோது இதையெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. போன வருடம் ஒருவர் எடுத்து அனுப்பிய படத்தில் கிணற்றைக்கூடக் காணவில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவேண்டும். வரவில்லை. கனகாலமாகவே வருவதில்லை, டொக்டர் அதற்கும் ஒரு குளிசை தந்திருக்கிறார்.

அப்படியிருக்கத்தான் ஒரு மாதத்துக்கு முன் அக்காவின் மகன் வந்தான். உங்களில் சிலருக்கு அவனைத் தெரியும். ஜெர்மனியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்து வெம்பிளியில் கடை போட்டிருக்கிறான். ஊருக்கு விடுமுறையில் போய் வந்த கையோடு, முருங்கைக்காயும் போனுமாக வந்தான்.

"சின்னம்மா, இதைப் பாருங்கோ முதல். படகில கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவங்கள்."

படத்தில் ஆறு ஓடியது. தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணாக்காடு, கொக்குகள். பிறகு கரையில் ஒரு வரிசை பூவரசு, கிழ மரங்கள், அடி பருத்து, மஞ்சளும் வாடிய சிவப்புமாகப் பூ. காட்டுக்குள் எந்த மரமும் அப்படி நேராக நிற்காது. படகுக்காரப் பொடியன் சொல்வது கேட்டது: "இதுதான் முந்தி யாழ்ப்பாணத்துச் சேவையர் ஐயா ஒருத்தர் குடும்பத்தோட இருந்த வளவு. அவர்ர வேலிதான் இது."

அந்த இடத்தில் அவன் படத்தை நிறுத்தினான். அவனுடைய முகத்தைப் பார்க்கவேணும் நீங்கள். "எங்கட அம்மப்பாதானே? அம்மாவும் அந்த ரிப்பன் கதை சொல்லுறவ. சின்னம்மா, காட்டுக்குள்ள எங்கட வேலி இன்னும் நிக்குது. அந்தக் காட்டு எல்லையில இருக்கிற துண்டுகளை இப்ப அரசாங்கம் திருப்பிக் குடுக்குதாம், முந்தி ஆக்கள் இருந்ததுக்கு அடையாளம் இருந்தால். நான் லோயரோட கதைச்சிட்டன். அங்க ஒரு சின்ன ஹொட்டல் போட்டால் காணும். நீங்கள் அங்க இருந்தனீங்கள் எண்டு ரெக்கோட் பண்ணித் தாங்கோ. இப்ப உயிரோட இருக்கிறது நீங்கள் மட்டும்தானே."

போனை என் வாய்க்குக் கிட்டப் பிடித்தான். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோபொலிடன் லைன் ரயில் போனது. அது போய் முடியட்டும் என்று இருந்தேன்.

"முடியும்வரைக்கும் போட்டுக் காட்டு" என்றேன்.

போட்டான். படகு திரும்புகிறது. எல்லைக்கு வெளியே மணல் திட்டியில் கொஞ்சச் சனம், அடுப்புப் புகை. படகுக்காரப் பொடியன் சொல்கிறான்: "அது வேடர் ஆக்கள். வருசா வருசம் வருவாங்க. தங்கட இடமெண்டு கேட்டுட்டுத்தான் இருக்காங்க. காட்டுறதுக்கு ஒண்டும் இல்லையே." அவன் சொல்லி முடிக்க முன், திட்டியிலிருந்து ஒரு பெண் சோற்றுப்பானையோடு எழும்பி நடக்கிறாள். பூவரசு வரிசைக்கு வருகிறாள். நடுவில் அந்த வெளி இன்னும் இருக்கிறது, ஒரு வண்டில் போகிற அளவு. அதற்குள்ளால் மருதமரத்தை நோக்கிப் போகிறாள். "அக்கா, உள்ளுக்குப் போகாதீங்க" என்று பொடியன் கூப்பிடுகிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. குளிசையைத் தாண்டி வந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"ரெக்கோட் பண்ணு" என்றேன். சொன்னேன். "இது எங்கட வேலி இல்லை. நாங்கள் கூடாரத்தில இருந்தனாங்கள், ஒரு விடுமுறைக்கு. இந்த வேலியை நட்டது வேடர் ஆக்கள். நான் மண் மிதிச்சுக் குடுத்தனான். எங்கட ஆக்கள் நட்டிருந்தால் நடுவில இப்பிடிப் பொட்டு இருக்காது. அது மானுக்கும் செத்த ஆக்களுக்கும் விட்டது. அவைக்கு முந்தி அங்க ஒருத்தரும் இல்லை."

அவன் ரெக்கோடிங்கை நிறுத்தினான். "இதை லோயருக்கு அனுப்பேலாது சின்னம்மா."

"லோயருக்கு வேண்டாம். அந்தப் பானை கொண்டு போற பிள்ளைக்கு அனுப்பு."

"பேர்?"

தேன்காரியின் பேரையே எனக்குத் தெரியாது. இவளுடைய பேருக்கு எங்கே போவேன். படகுக்காரனைப் பிடித்து விசாரிக்கச் சொன்னேன். பார்ப்பம் என்றான். என்னில் கோபம்தான், ஆனாலும் ரெக்கோடிங்கை அழிக்கவில்லை, அடுத்த நாள் படத்தோடு சேர்த்து எனக்கும் அனுப்பியிருந்தான்.

ஒரு கிழவி தனியே சொன்னால் ஆட்கள் அதை ஞாபகப் பிசகு என்பார்கள். அதனால்தான் மலருக்கு எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை மண்டபத்துக்கு அந்தப் படத்தைக் கொண்டுவருவேன். நம்மைவிட வேலி தெரிந்த சனம் உலகத்தில் இல்லை. ஒரு கதியால் தள்ளியதற்குக் கோடு ஏறியவர்கள், கோழிப் பொட்டுக்கு வாளெடுத்தவர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வெளியைப் பாருங்கள். நம் ஆட்கள் ஆராவது தன் காணியை அப்படித் திறந்து விடுவார்களா என்று யோசியுங்கள். பிறகு, இது எங்களுடையது இல்லை என்று என்னோடு சேர்ந்து என் போனுக்குள் சொல்லுங்கள், ஒவ்வொருவராக, சத்தமாக. சொல்லி முடித்த பிறகு நம்முடைய வேலிக் கதைகளைத் தொடரலாம்.